ஆள் ஏறினால் போகும் ஃப்யூஸ்

கடையை மூடிவிட்டு மஞ்சக்குப்பத்தில் வீட்டோடு கிடக்கிறவனைக் கூப்பிட்டு, தொழிலுக்குப் புதிதாக வந்திருப்பவர்களுக்கு நாலு நல்ல வார்த்தை சொல்லுங்கள் என்கிறீர்கள். நல்ல வார்த்தை என்னிடம் ஸ்டாக் இல்லை. கடலூரில் முப்பது வருடத்துக்கு மேல் கார்களுக்கு ஆடியோ மாட்டியவன் நான். என் முதுகு இன்றைக்கும் டேஷ்போர்டுக்குக் கீழே குனிந்த வாக்கில்தான் இருக்கிறது. அந்த முப்பது வருடத்தில் பார்த்த முட்டாள்தனத்தைப் பற்றி வேண்டுமானால் சொல்கிறேன். அதில் பெரிய பங்கு என்னுடையது. ஆகவே யாரும் கோபித்துக்கொள்ள முடியாது.

முதலில் உங்களைப் பற்றி இரண்டு வார்த்தை. போன மாதம் உங்களில் ஒருவருடைய கடையில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். ஒரு வண்டி வந்தது. பாட்டு நடுவில் நின்று நின்று வருகிறது என்றார் வண்டிக்காரர். கடைக்காரர் போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஆம்ப் போயிருக்கும் சார், மாத்திடலாம்" என்றார். வண்டியைத் தொடவில்லை, பானெட்டைத் திறக்கவில்லை, வண்டிக்காரரை உட்காரக்கூடச் சொல்லவில்லை. நோயாளி வாசலில் செருப்பைக் கழற்றும்போதே "கிட்னி போயிருக்கும், மாத்திடலாம்" என்று ஒரு டாக்டர் சொன்னால் அவரை நாம் என்ன செய்வோம்? ஆனால் நம் தொழிலில் அதற்குப் பெயர் அனுபவம்.

மாற்றிக்கொண்டே இருக்கிறவன் மெக்கானிக் இல்லை. அவன் சாமான் விற்கிறவன். தப்பில்லை, அதுவும் ஒரு பிழைப்புதான். ஆனால் கையில் மீட்டரை வைத்துக்கொண்டு விற்காதீர்கள்.

எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர் திருப்பாதிரிப்புலியூரில் கடை வைத்திருந்தார். பெயர் வேண்டாம். கெட்டிக்காரர். ஆனால் அவரிடம் ஒரு பொன்மொழி இருந்தது. "கஸ்டமர் பேசறத கேக்காத, வண்டி பேசறத கேளு." கேட்க எத்தனை ஜோராக இருக்கிறது பாருங்கள். வண்டிக்காரனுக்கு என்ன தெரியும், அவன் உளறுவான், வயர்தான் உண்மை பேசும் என்று அர்த்தம். இருபது வருடம் அந்த வார்த்தையை நான் வேதமாக வைத்துக்கொண்டிருந்தேன். வண்டிக்காரர்கள் வாயைத் திறக்கும்போதே கையைக் காட்டி நிறுத்துவேன். அதில் எனக்கு ஒரு கெத்து. இந்தப் பொன்மொழிதான் ஒரு பிள்ளைத்தாய்ச்சிப் பெண்ணை வண்டியோடு எரிக்கப் பார்த்தது. அந்தக் கதையைச் சொல்லிவிடுகிறேன். இதிலிருந்து எதையாவது எடுத்துக்கொள்வதும், வழக்கம்போல மறந்துவிடுவதும் உங்கள் இஷ்டம்.

கலியமூர்த்தி சிதம்பரத்தில் சவாரி ஓட்டிக்கொண்டிருந்தவர். சேத்தியாத்தோப்புப் பக்கம் விவசாயக் குடும்பம். பாகம் பிரித்ததில் கைக்கு வந்த நிலம் வயிற்றுக்குப் போதாது என்று கண்டு, ஏழு பேர் உட்காரும் வண்டி ஒன்றை வாங்கி ஸ்டாண்டில் போட்டுவிட்டார். கல்யாணம், காதுகுத்து, திருவதிகைக்குப் பிரதோஷம் என்று குடும்பம் குடும்பமாக ஏறுவார்கள். ஏறுகிற ஜனத்துக்குப் பாட்டு நெஞ்சில் குத்தவேண்டும். இல்லாவிட்டால் அடுத்த தடவை வேறு வண்டியைக் கூப்பிடுவார்கள். அதனால் சிதம்பரத்திலேயே ஒரு கடையில் பின்பக்கம் ஆம்ப்ளிஃபையரும் பெரிய பேஸ் பெட்டியும் மாட்டிக்கொண்டார். அந்தக் கடைக்காரரை எனக்கும் தெரியும். என்னை மச்சான் என்றுதான் கூப்பிடுவார்.

பின்னால் இருக்கும் ஆம்ப்ளிஃபையருக்கு முன்னால் இருக்கும் பேட்டரியிலிருந்து நேராக ஒரு தடித்த வயர் போகும். தரைவிரிப்புக்கு அடியில், வண்டியின் முழு நீளத்துக்கும். பேட்டரி பக்கத்திலேயே அந்த வயரில் ஒரு ஃப்யூஸ் இருக்கும். அளவுக்கு மேல் கரண்ட் ஓடினால் அது உருகி, லைனை அறுத்துவிடும். இவ்வளவுதான் விஷயம். இது தெரியாமலா கடை வைத்திருக்கிறோம் என்று முறைக்காதீர்கள். எனக்கும் தெரிந்துதான் இருந்தது.

கலியமூர்த்தியின் வண்டியில் அந்த ஃப்யூஸ் நிற்கவில்லை. வாரத்துக்கு இரண்டு தடவை போயிற்று. மாட்டிய கடையில் ஃப்யூஸை மாற்றினார்கள். இன்னொரு கடையில் பேட்டரி வீக் என்று பேட்டரியை மாற்றினார்கள். மூன்றாவது கடையில் ஆல்டர்னேட்டரை மாற்றினார்கள். நாலாவது கடைக்காரர் ஆம்ப்ளிஃபையரையே மாற்றினார். நாலு கடை, நாலு சாமான், ஒரே வியாதி. யாரோ என் பெயரைச் சொல்லி, அவர் கடலூருக்கு வந்தார்.

அன்றைக்கு என் கடையில் தெரிந்தவர்கள் இரண்டு மூன்று பேர் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். கலியமூர்த்தி கையைக் கட்டியபடி நின்று சொன்னார்.

"ஃப்யூஸ் நிக்க மாட்டேங்குதுண்ணே. ஆனா சவாரி இருந்தாத்தான் போவுது. காலி வண்டில எவ்ளோ சத்தம் வச்சாலும் ஒண்ணும் ஆவறதில்ல. ஆள் ஏறினா போச்சு."

நான் டீ குடித்துக்கொண்டிருந்தவர்களைப் பார்த்தேன். அவர்கள் என்னைப் பார்த்தார்கள். ஒரு கலைஞனுக்கு அவையைக் கண்டதும் வருகிற தெம்பு எனக்கு வந்துவிட்டது.

"ஏம்பா, உன் ஃப்யூஸுக்குக் கண்ணு இருக்குதா? ஆளப் பாத்துத்தான் போவுமா? வெக்கப்படுதா?"

எல்லோரும் சிரித்தார்கள். கலியமூர்த்தியும் சிரித்தார். வேறு என்ன செய்வார்? வண்டி என் கையில் இருந்தது.

"இல்லண்ணே, நெசமாத்தான் சொல்றன். நான் கவனிச்சுப் பாத்துட்டேன்."

"நீ ஓட்டு. கவனிக்கற வேலைய எங்கிட்ட வுடு."

இப்படிச் சொன்னவனை இன்றைக்கு என் எதிரில் நிறுத்தினால் அறைவேன். நாலு கடை கண்டுபிடிக்காததை அந்த மனுஷன் கண்டுபிடித்து, ஒரே வரியில், இலவசமாக என் கையில் கொடுத்தார். ஆள் ஏறினால் போகிறது. ஆள் ஏறினால் ஒரு வண்டியில் என்ன மாறும்? பாட்டா மாறும்? பேட்டரியா மாறும்? சீட்டில் பாரம் ஏறும். சீட் கீழே அழுந்தும். சீட்டுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று பார். ஒரு பள்ளிக்கூடப் பிள்ளைகூட இங்கே வந்து சேர்ந்திருக்கும். நான் சேரவில்லை. நான் வண்டி பேசுவதைக் கேட்கப் போயிருந்தேன்.

கேட்டேன், மிகவும் சிரத்தையாக. காலி வண்டியைக் கடை வாசலில் சமதரையில் நிறுத்தி, ஒருவரும் ஏறாமல், மீட்டரை வைத்தேன். வோல்டேஜ் அம்சமாக இருந்தது. எர்த் வயரை வண்டியின் உடம்போடு முறுக்குகிற போல்ட்டுக்கு அடியில், கரண்ட் சரியாக ஓட விடாத பெயின்ட்டைச் சுரண்டாமல் விட்டிருந்தார்கள். அதைப் பார்த்ததும் எனக்கு அளவில்லாத சந்தோஷம். சிதம்பரத்துக்காரன் வேலையைப் பாருங்கள் என்று டீ குடிப்பவர்களைக் கூப்பிட்டுக் காட்டினேன். சுரண்டி முறுக்கினேன். பிறகு அரை மணி நேரம் தெருவே அதிரப் பாட்டு வைத்தேன். ஃப்யூஸ் போகவில்லை. அவர்தான் சொன்னாரே, காலி வண்டியில் போகாது என்று!

எர்த்தைச் சரி செய்தாயிற்று. ஆனாலும் ஃப்யூஸ் மறுபடி போனால் என் பெயர் கெடுமே. நாற்பது ஆம்பியர் ஃப்யூஸ் இருந்தது. இந்த ஆம்ப்ளிஃபையருக்கு இது சின்னது என்று நானே ஒரு தீர்ப்பைச் சொல்லிக்கொண்டு, அதைப் பிடுங்கிவிட்டு நூறு போட்டேன்.

"போப்பா. இனிமே போவாது" என்றேன்.

அந்த வாக்கு பலித்தது. ஃப்யூஸ் போகவே இல்லை.

ஃப்யூஸ் ஆம்ப்ளிஃபையரைக் காப்பாற்ற இருக்கிறது என்று உங்களில் பாதிப் பேர் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். அது வயரைக் காப்பாற்ற இருக்கிறது. வயருக்கு மேலே சீட் போட்டு உட்கார்ந்திருக்கிற ஜனங்களைக் காப்பாற்ற இருக்கிறது. வாரத்துக்கு இரண்டு தடவை அது உயிரை விட்டு, உள்ளே ஏதோ தப்பாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தது. நான் அதன் இடத்தில், வாயே திறக்காத ஒன்றைக் கொண்டுபோய் உட்காரவைத்தேன்.

மூன்றாம் நாள் காலை பத்து பத்தரை மணி இருக்கும். போன் வந்தது. கலியமூர்த்தி. கடையில் அன்றைக்கும் ஆட்கள் இருந்தார்கள்.

"அண்ணே, வண்டிக்குள்ள ஒரு மாதிரி நாத்தம் அடிக்குது."

"என்னா நாத்தம்?"

"தெரிலண்ணே. மருந்து நாத்தம் மாதிரியும் இருக்குது, ரப்பர் மாதிரியும் இருக்குது."

"எங்க இருக்க இப்ப?"

"சவாரில இருக்கேன். கிள்ளைலேருந்து வரேன். செம்மங்குப்பம் கிட்ட வந்துட்டேன்."

சிப்காட் ரசாயனக் கம்பெனிகள் வழியாகப் போகிறவர்களுக்குத் தெரியும், அந்த ரோட்டில் காற்று திரும்பினால் மூக்கைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கும். நான் போனை ஸ்பீக்கரில் போட்டேன். சுற்றி இருப்பவர்களுக்கும் கேட்க வேண்டுமே.

"செம்மங்குப்பத்துல நாத்தம் அடிக்காம மல்லிப்பூ வாசனையா அடிக்கும்? கண்ணாடிய ஏத்திட்டு ஓட்டுப்பா."

மறுபடியும் சிரிப்பு. போனை வைத்துவிட்டு டீ சொன்னேன். எனக்கு மனதில் எதுவும் உறுத்தவில்லை. பின்னால் இதைச் சொல்லும்போது சிலர், அப்போதே உங்களுக்கு ஏதோ தோன்றியிருக்கும் இல்லையா என்று கேட்பார்கள். ஒரு மண்ணும் தோன்றவில்லை. டீ நன்றாக இருந்தது என்பதுதான் ஞாபகம்.

அந்த நேரத்தில் வண்டியில் நடந்ததைக் கலியமூர்த்தி பிறகு சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

வண்டியில் ஏறியிருந்தது பாக்கியம் என்ற அம்மாள். செம்மங்குப்பத்துக்குக் கிழக்கே கடலோரக் குப்பத்தைச் சேர்ந்தவர். மீன் வாங்கி வெளியூருக்கு அனுப்புகிற வியாபாரம். மகள் ரேவதியைக் கிள்ளையில் கட்டிக் கொடுத்திருந்தார். வளைகாப்பு முடிந்து, பிரசவத்துக்காக மகளைத் தாய்வீட்டுக்கு அழைத்து வந்துகொண்டிருந்தார். கூட உறவுக்காரப் பெண்கள் மூன்று பேர். ரேவதி நடு சீட்டில். கால் நீட்ட இடம் வேண்டும் என்று கலியமூர்த்தி அந்த சீட்டை, அது நகர்கிற இரும்புத் தண்டவாளத்தில் கடைசி வரைக்கும் பின்னால் தள்ளிக் கொடுத்திருந்தார். நல்ல மனது.

நான் சொன்னபடி கலியமூர்த்தி கண்ணாடியை ஏற்றினார். நாற்றம் குறையவில்லை. பாக்கியம் பின்னால் இருந்து கேட்டார்.

"என்னாப்பா, போன்ல யாரு?"

"ஆடியோக்காரர்மா. கம்பெனி நாத்தமாம். கண்ணாடிய ஏத்திக்கச் சொன்னாரு."

"கம்பெனி நாத்தமா? நான் பொறந்ததுலேருந்து அத மோந்துக்கினு கெடக்கறேன். எந்தக் காத்துக்கு எந்த நாத்தம் வரும்னு எனக்குத் தெரியும். இது அது இல்ல. நீ கண்ணாடிய எறக்கு."

கலியமூர்த்தி இறக்கினார். அந்த அம்மாள் தலையை வெளியே நீட்டி மூச்சை இழுத்தார். தலையை உள்ளே இழுத்துக்கொண்டு இன்னொரு தடவை மூச்சை இழுத்தார்.

"வெளிய கம்மியா இருக்குது. உள்ளதான் ஜாஸ்தி. அப்ப நாத்தம் வண்டிக்குள்ளேருந்துதான் வருது. நிறுத்து. எம்பொண்ணு எறங்கட்டும்."

"அம்மா, இன்னும் கொஞ்ச தூரம்தான்..."

"நிறுத்துன்னு சொல்றனா இல்லியா?"

பரிசோதனை என்றால் இதுதான். மீட்டர் வேண்டாம், யூட்யூப் வீடியோ வேண்டாம், முப்பது வருட அனுபவம் வேண்டாம். உள்ளே ஒரு தடவை, வெளியே ஒரு தடவை. எங்கே அதிகமோ அங்கே தப்பு. இரண்டு இடத்தில் அளந்து ஒப்பிட்டுப் பார் என்று நமக்கு முதல் நாளே சொல்லிக்கொடுத்த பாடம்தான் இது. அந்தப் பாடத்தை அந்த அம்மாள் மூக்கால் செய்தார். நான் போனை ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு, கண்ணாடியை ஏற்றச் சொன்னேன்.

வண்டி ஓரங்கட்டி நின்றது. ரேவதியை இரண்டு பேர் பிடித்து இறக்கினார்கள். அவள் கீழே காலை வைத்து நாலு எட்டு நடப்பதற்குள் நடு சீட்டுக்கு அடியிலிருந்து கறுப்புப் புகை கிளம்பி, தரைவிரிப்பு பற்றிக்கொண்டது. கலியமூர்த்தி ஓடிப்போய் பானெட்டைத் திறந்து பேட்டரி கம்பியைக் கழற்றியிருக்கிறார். அதற்குள் வயர் முழுக்கப் பழுத்துப் போயிருந்தது. உருகிய பிளாஸ்டிக் உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டது. உதறாமல் கழற்றி முடித்திருக்கிறார். பின்னால் வந்த லாரிக்காரர் ஒருவர் குடத்துத் தண்ணீரும் ரோட்டோர மண்ணும் போட்டு அணைத்தார்.

அதன் பிறகுதான் எனக்கு இரண்டாவது போன் வந்தது. "அண்ணே, வண்டி எரிஞ்சுடுச்சு" என்று மட்டும் சொன்னார்.

பைக்கை எடுத்துக்கொண்டு போனேன். வழியெல்லாம் ஒரே ஒரு கேள்விதான் என் தலைக்குள் ஓடியது. யாருக்கு என்ன ஆயிற்று என்பதல்ல. ஃப்யூஸ் என்ன ஆயிற்று என்பது. இதை ஒளிக்காமல் சொல்கிறேன். உங்களுக்கும் ஒரு நாள் இப்படி ஒரு போன் வரும். அப்போது உங்கள் தலைக்குள் முதலில் என்ன ஓடுகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

போய்ச் சேர்ந்தபோது கூட்டம் கூடியிருந்தது. மூடிக் கிடந்த ஒரு பெட்டிக்கடை நிழலில் ரேவதி கை நிறைய வளையலோடு உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். கலியமூர்த்தி வலது கையை ஈரத் துண்டில் சுற்றிக்கொண்டு நின்றார். என்னைப் பார்த்ததும், "எம்மேலதான் தப்புண்ணே. நான்தான் சீட்ட பின்னாடி தள்ளினேன். அப்பறந்தான் இப்பிடி ஆச்சு" என்றார்.

அதைக் கேட்டதும் எனக்கு மனது லேசானது. நிஜமாகவே லேசானது. அந்த லேசை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

உள்ளே எட்டிப் பார்த்தேன். எல்லாம் ஒரு நொடியில் விளங்கிவிட்டது. சிதம்பரத்து மச்சான் தடித்த வயரை ஓரமாகக் கொண்டுபோகாமல், தூரம் குறையும் என்று நடு சீட்டின் இரும்புத் தண்டவாளத்துக்கு அடியில் குறுக்காக விட்டிருக்கிறார். ஆள் ஏறும்போதெல்லாம் தண்டவாளம் வயரை அழுத்தி, ரப்பரைத் தேய்த்து, தாமிரம் இரும்பைத் தொட்டிருக்கிறது. தொட்டபோதெல்லாம் கரண்ட் மொத்தமும் வண்டியின் உடம்பில் இறங்கி ஃப்யூஸ் போயிருக்கிறது. அன்றைக்கு சீட் பின்னால் போனதில் தண்டவாளம் வயரை நன்றாகவே கடித்துவிட்டது. நாற்பது ஃப்யூஸ் இருந்திருந்தால் அந்த நிமிஷமே உருகி, பாட்டு நின்றிருக்கும். பாட்டு நின்றதே என்று பெண்கள் சலித்துக்கொண்டு வீடு போய்ச் சேர்ந்திருப்பார்கள்.

போன் அடித்தது. சிதம்பரத்து மச்சான்தான். டிரைவர்கள் மூலம் சேதி அதற்குள் ஸ்டாண்டுக்குப் போயிருந்தது.

"மச்சான், நம்ம ரெண்டு பேரு பொழப்பும் இதுல இருக்குது. டிரைவரு பீடி புடிச்சான், கார்ப்பெட்ல விழுந்துச்சுன்னு சொல்லிப்புடு. எவன் பாத்தான்?"

கலியமூர்த்தி பீடி குடிக்கமாட்டார். அது எனக்குத் தெரியும். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "சரி, பாக்கறேன்" என்றேன்.

பார்க்கத்தான் போனேன். பானெட்டுக்குள் குனிந்து, ஃப்யூஸ் மூடியைத் திறந்து, முழுசாக, புதுசாக, பளபளவென்று இருந்த அந்த நூறு ஆம்பியர் ஃப்யூஸைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். கை தானாகவே செய்தது. நிமிர்ந்தால் எதிரில் பாக்கியம் அம்மாள்.

"என்னா எடுத்த அதுலேருந்து?"

"ஃப்யூஸும்மா."

"வெந்து போச்சா?"

"இல்லம்மா."

"வண்டியே வேவுது. அது வேவலியா?"

நான் சட்டைப் பையைக் கையால் மூடிக்கொண்டேன்.

"அது எதுக்கு அங்க வச்சிருக்குது?"

பதில் சொல்லியாக வேண்டிய கேள்வி. அந்த அம்மாளுக்கு ஃப்யூஸைப் பற்றி எதுவும் தெரியாது. எதுவும் தெரியாதவர் கேட்ட கேள்வி என்பதால்தான் தப்பிக்க வழியில்லாமல் போயிற்று. பீடி என்று சொல்லியிருக்கலாம். சிதம்பரத்துக்காரன் வயரை விட்ட லட்சணம் என்று சொல்லியிருக்கலாம். அதுவாவது பாதி உண்மை. பாதி உண்மை மாதிரி சௌகரியமான பொய் உலகத்தில் கிடையாது. ஆனால் கலியமூர்த்தி துண்டு சுற்றிய கையோடு இரண்டடி தள்ளி நின்று என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது வேவணும்மா" என்றேன். "வண்டி வேவறதுக்கு முன்னாடி இது வேவணும். அதுக்குத்தான் வைக்கறது. சின்னதா இருந்துச்சு, அடிக்கடி போச்சு. நான்தான் புடுங்கிட்டுப் பெருசா போட்டேன்."

"கண்ணாடிய ஏத்துன்னு சொன்னவன் நீதானா?"

"ஆமாம்மா."

அவர் திட்டுவார் என்று நினைத்தேன். கடலோரத்து அம்மாக்கள் திட்டினால் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். திட்டவில்லை. "எம்பொண்ணுக்கு இது எட்டாவது மாசம்" என்றார். அதோடு திரும்பி நடந்துவிட்டார். திட்டியிருந்தால் வீட்டுக்குப் போய்ச் சோறு தின்றிருப்பேன்.

கலியமூர்த்தி அப்போதும் கத்தவில்லை. ரொம்ப நேரம் கழித்து, கூட்டமெல்லாம் கலைந்த பிறகு சொன்னார்.

"நான் சொன்னேன் இல்லண்ணே. ஆள் ஏறினாத்தான் போவுதுன்னு."

அவ்வளவுதான் சொன்னார். முப்பது வருடத்தில் எனக்குக் கிடைத்த ஒரே சர்ட்டிஃபிகேட் அதுதான்.

வண்டியை என் கடைக்கே இழுத்து வந்தோம். வேறு யாரிடமாவது கொடுக்க வேண்டியதுதானே என்று நானே கேட்டேன். "எவங்கிட்ட போறது? எல்லாரும் ஒரே மாதிரிதான். நீங்களாவது ஒத்துக்கினீங்க" என்றார். பாராட்டு இல்லை. நிலவரம்.

உள்ளே இருந்த வயர் அத்தனையையும் உருவி எறிந்துவிட்டு, ஓரத்து வழியாகப் புதிதாக விட்டேன். சரியான ஃப்யூஸ் போட்டேன். பிறகு டீக்கடைக்காரர், பக்கத்துத் தையற்கடைக்காரர், என்னோடு சேர்ந்து சிரித்த அந்தக் கூட்டம் எல்லோரையும் கூப்பிட்டு வண்டி நிறைய உட்காரவைத்தேன். சீட்டை முன்னால் தள்ளச் சொன்னேன், பின்னால் தள்ளச் சொன்னேன், குதிக்கச் சொன்னேன். முழுச் சத்தத்தில் பாட்டோடு பண்ருட்டி ரோட்டில் ஒரு மணி நேரம் ஓட்டினேன். வியாதி எப்போது வருகிறதோ அப்போதுதான் நாடி பிடிக்க வேண்டும். காலி வண்டியைச் சோதித்துவிட்டு வண்டி நன்றாக இருக்கிறது என்று சொல்வது, தூங்குகிறவனைப் பார்த்துவிட்டு இவன் நொண்டி இல்லை என்று சொல்வது மாதிரி.

ரேவதிக்கு நல்லபடியாகப் பிரசவம் ஆயிற்று, பெண் குழந்தை என்று பிறகு கலியமூர்த்தி சொல்லித் தெரிந்தது. அந்த வீட்டார் எனக்குச் சொல்லவில்லை. அவர்கள் ஏன் சொல்ல வேண்டும்?

இதோடு விட்டிருப்பேன். கலியமூர்த்தி விடவில்லை. வண்டியை எடுக்க வந்த அன்றைக்கு, கையில் கட்டோடு நின்றுகொண்டே கேட்டார்.

"அண்ணே, அவன் எனக்கு மட்டுமா மாட்டினான்? ஸ்டாண்டுல பாதி வண்டிக்கு அவன்தான மாட்டினது?"

இரண்டு பேரும் சிதம்பரம் போனோம். முதலில் மச்சானின் கடைக்கு. எரிந்த வயரை அவர் மேஜை மேல் வைத்தேன். அதை விரலால் தள்ளிவிட்டார்.

"நான் மாட்டின வண்டி எவ்வளவோ ஓடுது மச்சான். ஒண்ணு எரிஞ்சா அது அவனவன் நேரம். நீ பெரிய ஃப்யூஸ் போட்டுட்டு எங்கிட்ட வந்து நாயம் பேசற."

அதில் பாதி சரி. எந்தெந்த வண்டிக்கு மாட்டினாயோ அந்த வண்டிக்காரர்களைக் கூப்பிட்டுச் சொல்லிவிடு என்று மட்டும் கேட்டுக்கொண்டேன். எழுந்து உள்ளே போய்விட்டார். இன்றைக்கும் அவர் கடை நன்றாக நடக்கிறது. வாசலில் பெரிய போர்டு வைத்திருக்கிறார்.

ஸ்டாண்டுக்குப் போனோம். ஏழெட்டு வண்டிகள் நின்றன. விஷயத்தைச் சொன்னதும், கடலூர்க்காரர் வியாபாரம் பிடிக்க வந்திருக்கிறார் என்று ஒருவர் சொன்னார். நியாயமான சந்தேகம். நம் தொழிலில் வேறு எதற்கு ஒருவன் தேடி வருவான்? கலியமூர்த்தி கைக்கட்டை அவிழ்த்து உள்ளங்கையைக் காட்டினார். அதன் பிறகு ஒருவர் சரி பாருங்கள் என்றார்.

முதல் வண்டியில் வயர் ஓரமாகப் போயிருந்தது. இரண்டாவதிலும் பரவாயில்லை. எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. மூன்றாவது வண்டி, வியாபாரம் பிடிக்க வந்திருக்கிறார் என்று சொன்னவருடையது. ஐம்பது வயதிருக்கும். "என் வண்டில ஒரு கம்ப்ளெயின்ட்டும் இல்ல. ஃப்யூஸ் ரெண்டு தடவ போச்சு, அவனே பெருசா ஒண்ணு போட்டுக் குடுத்தான். அதுலேருந்து தொந்தரவே இல்ல" என்று சிரித்துக்கொண்டே கதவைத் திறந்துவிட்டார்.

நடு சீட்டுக்கு அடியில் தரைவிரிப்பைத் தூக்கினேன். தண்டவாளத்துக்குக் கீழே வயரின் ரப்பர் ஒரு விரல் நீளத்துக்கு உரிந்து, உள்ளே தாமிரம் வெயிலில் மின்னியது. தண்டவாளத்துக்கும் அதற்கும் இடையே ஒரு நூல் இடைவெளி. விலகிக்கொண்டு, அவரையே குனிந்து பார்க்கச் சொன்னேன்.

அவர் குனிந்தார். உரிந்த இடத்தை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"இந்த சீட்டுலதான் சார்" என்றார். "எம்பொண்ணுங்க ரெண்டும் டெய்லி இதுலதான் ஸ்கூலுக்குப் போவுது."

என் கையிலிருந்த ஸ்பேனரை வாங்கிக்கொண்டுபோய் பேட்டரி கம்பியை அவரே கழற்றினார். பிறகு அடுத்த வண்டிக்காரர், நாங்கள் கேட்காமலேயே, தன் வண்டியின் நடுக் கதவைத் திறந்து வைத்துவிட்டு ஓரமாக நின்றார்.